மூன்று பேருக்கு ஒரு டிக்கெட்

நட்பைப் பற்றித் தமிழில் எத்தனையோ படங்கள் வந்திருக்கின்றன. 1991-ல் 'தளபதி', 1992-ல் 'அண்ணாமலை' என்று நம்மில் பலர் செகந்திராபாத் தியேட்டர்களில் வரிசையில் நின்று பார்த்தவைதான். எல்லாவற்றிலும் நண்பர்கள் என்றால் ஆண்கள். கதாநாயகிக்குத் தோழி என்று ஒருத்தி இருந்தால் அவள் காதல் கடிதத்தைக் கொண்டு போய்க் கொடுப்பதற்கும், நாயகன் வரும்போது நாசூக்காக நகர்ந்து கொள்வதற்கும் படைக்கப்பட்டவள். ஐம்பது வயதைத் தொட்ட பெண்ணுக்கு அந்தத் தோழியும் கிடையாது. அவள் அம்மா. கையில் கரண்டியோடு வாசலைப் பார்த்து நிற்க வேண்டியவள்.

இந்த வழக்கத்துக்கு மாறாக 2017 செப்டம்பரில் ஒரு படம் வந்தது. பெயர் 'மகளிர் மட்டும்'. 'குற்றம் கடிதல்' எடுத்த பிரம்மா எழுதி இயக்கியது. நடிகர் சூர்யாவின் நிறுவனம் தயாரித்தது. ஊர்வசி, பானுப்பிரியா, சரண்யா பொன்வண்ணன் மூவரும் பள்ளிக்கூடத்து விடுதித் தோழிகளாகவும், ஜோதிகா அவர்களைச் சேர்த்து வைக்கும் இளம்பெண்ணாகவும் நடித்திருந்தார்கள். வந்தபோது நம்மில் பலர் இதைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். சென்ற மாதம் எங்கள் அடுக்ககத்துக் கூட்ட அறையில் மகளிர் சிலர் சேர்ந்து இதைத் திரையிட்டார்கள். தலைப்பு என்னவாக இருந்தாலும், நாற்காலி எடுத்துப் போட ஆள் வேண்டும் என்பதால் என்னைப் போன்ற நான்கைந்து ஓய்வூதியக்காரர்களையும் உள்ளே விட்டார்கள். பார்த்த பிறகு எனக்குத் தோன்றியதை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

கதை சிக்கலானதல்ல. கணவனை இழந்த ஒரு தாய். மகன் வெளியூரில் இருக்கிறான். அவனைக் கட்டிக்கொள்ளப் போகும் பெண் கல்யாணத்துக்கு முன்பே அந்த அம்மாளோடு தங்கியிருக்கிறாள். ஆவணப்படம் எடுப்பவள், புல்லட் ஓட்டுபவள். வருங்கால மாமியாரின் பேச்சில் அடிக்கடி வருகிற இரண்டு தோழிகளை அவள் பேஸ்புக்கில் தேடிக் கண்டுபிடிக்கிறாள். ஒருத்தி அரசியல் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தி அழகு நிலையம் நடத்திக்கொண்டு குடிகாரக் கணவனோடு காலம் தள்ளுகிறாள். மூவரையும் அந்தப் பெண் வீட்டை விட்டுக் கிளப்பிக்கொண்டு போய்ச் சில நாட்கள் காடு, மலை, அருவி என்று சுற்றிக் காட்டுகிறாள். அவ்வளவுதான்.

படத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. ஆண்கள் மீது இயக்குநர் தாராளமாகவே கரி பூசியிருக்கிறார். வீட்டுக்குள் நாசர் செய்யும் அதிகாரத்தைப் பார்த்து எங்கள் வரிசையில் இருந்த ஒருவர், "இப்படியுமா சார் ஆட்கள் இருப்பார்கள்?" என்று என் காதில் கேட்டார். அவர் மனைவி பின் வரிசையிலிருந்து இருமினார். இன்னொரு குறை வயது. படம் வந்தபோது அந்த மூன்று நடிகைகளுக்கும் ஐம்பது அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. அவர்களை வாழ்ந்து முடித்த கிழவிகள் போலப் படம் பல இடங்களில் பேசுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு 'கபாலி'யில் கோட்டு சூட்டோடு கதாநாயகனாக வந்த ரஜினிகாந்துக்கு அப்போது வயது 65.

இங்கே ஒரு சிறு இடைச்செருகல். இதே பெயரில் 1994-ல் கமல்ஹாசன் தயாரித்த படம் நினைவிருக்கும். நம்ம ஊர் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கியது. ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் அலுவலகத்தில் மேலாளராக வரும் நாசரை ஓட ஓட விரட்டுவார்கள். அது 1980-ல் ஹாலிவுட்டில் வந்த 'நைன் டு ஃபைவ்' படத்தின் சாயலில் அமைந்தது என்பார்கள். அந்த ஆங்கிலப் படத்தில் நடித்த ஜேன் ஃபோண்டாவும் லில்லி டாம்லினும் 2023-ல் '80 ஃபார் பிரேடி' என்ற படத்தில் மறுபடி ஒன்றாக நடித்தார்கள். நான்கு வயதான தோழிகள் கால்பந்து இறுதிப் போட்டி பார்க்க ஹூஸ்டன் நகருக்குக் கிளம்பும் கதை. (அது கையால் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து; ஏன் கால்பந்து என்கிறார்களோ.) அந்த நால்வரில் ஒருவரான ரீட்டா மொரேனோவுக்கு அப்போது வயது 91. நம் ஊர்வசியும் 1994-ல் அலுவலகத்தில் சண்டை போட்டு, 2017-ல் தோழிகளோடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார். இரண்டு நாட்டிலும் கதை அலுவலகத்தில் ஆரம்பித்துப் பயணத்தில் வந்து சேர்ந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படத்தில் என்னை யோசிக்க வைத்தது, அந்த மூவரும் எதற்காகப் போகிறார்கள் என்பது. ஒரு கோயில் இல்லை. உறவுக்காரர் கல்யாணம் இல்லை, துக்கம் இல்லை. யாருக்கும் பிரசவம் இல்லை. தோழிகளோடு சில நாள் இருக்க வேண்டும் என்பது மட்டுமே காரணம்.

நம் குடும்பங்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நம் பெண்கள் பயணமே போவதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அறுபத்தைந்து வயது அம்மாள் ஒருவர் ஷம்ஷாபாத்தில் விமானம் ஏறி, தோஹாவில் மாறி, இருபது மணி நேரத்துக்கும் மேலாகப் பயணம் செய்து அமெரிக்காவில் மகள் பிரசவத்துக்குப் போய் இறங்குகிறார். ஆங்கிலம் நாலு வார்த்தை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் எல்லாக் காகிதமும். சக்கர நாற்காலிக்காரன் எங்கே தள்ளிக்கொண்டு போகிறானோ அங்கே போவார். பையில் மருந்துப்பொடியும் பூண்டு லேகியமும் இருக்கும். ஆறு மாதம் ஆள் பழகாத குளிரில் சமைத்துப் போட்டுவிட்டு அதே வழியில் தனியாகத் திரும்பி வருவார். அப்போது வீட்டில் எவருக்கும் பயம் வருவதில்லை. அதே அம்மாள், "எதிர்வீட்டு சரோஜாவும் நானும் வரங்கல் வரை போய்க் கோட்டையைப் பார்த்துவிட்டு ராத்திரி தங்கி வருகிறோம்" என்று சொல்லட்டும். "தனியாகவா? இந்த வயசிலா? காலம் கெட்டுக் கிடக்கிறதே!" செகந்திராபாத்திலிருந்து வரங்கல் ரயிலில் இரண்டரை மணி நேரம்.

பெண்கள் கூட்டமாகப் போவதும் நமக்குப் புதிதல்ல. மேல்மருவத்தூருக்குச் சிவப்புப் புடவையில் பேருந்து பேருந்தாகப் பெண்கள் போகிறார்கள். வழிவிட்டு நிற்கிறோம். கடவுள் பெயரைச் சொன்னால் கதவு திறக்கிறது. கார்த்திகை பிறந்தால் நம் ஆண்கள் மாலை போட்டு, நாற்பத்தொரு நாள் விரதமிருந்து, வேன் பிடித்துச் சபரிமலை போகிறார்கள். பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை; நானும் போனவன்தான். ஆனால் திரும்பி வந்து ஆண்கள் சொல்லும் கதைகளில் பாதி, வழியில் எங்கே டீ குடித்தோம், எந்தப் பயல் குறட்டை விட்டான் என்பதுதான். நட்பும் அந்தப் பயணத்தில் சேர்த்தி. வீட்டில் யாரும் அதற்குக் கணக்குக் கேட்பதில்லை.

ரயில்வேயில் நாற்பது ஆண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஆண்களின் நட்பைக் காப்பாற்ற ஏற்பாடுகள் இருக்கின்றன. டிப்ளமா முடித்து 1981-ல் தண்டவாளப் பிரிவில் சேர்ந்தேன். காஜிபேட், டோர்ணக்கல், குந்தக்கல் என்று மாற்றலாகிப் போன இடமெல்லாம் எனக்கு அதே இலாகா, அதே தொழிற்சங்கம், அதே இன்ஸ்டிடியூட்டில் அதே கேரம் பலகை. குந்தக்கல்லில் பிரிந்தவன் பத்து ஆண்டு கழித்து செகந்திராபாத் டிவிஷன் ஆபீசில் எதிர் மேஜைக்கு வருவான். ஓய்வு பெற்ற பிறகும் சங்கக் கூட்டம், மருத்துவமனை வரிசை, பாங்கு என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். மனைவிக்கு அந்த வசதி இல்லை. அவள் ஒவ்வொரு குவார்ட்டர்ஸிலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி பேசும் மொழியைப் பழகி, அவளோடு சேர்ந்து அப்பளம் இட்டு, பிரசவத்துக்குத் துணை நின்று, நெருங்கிவரும்போது மாற்றல் உத்தரவு வந்துவிடும். அந்தக் காலத்துப் பாஸில் எழுதுவது 'தான், மனைவி, இரண்டு குழந்தைகள்'. பெயர் கிடையாது.

என் மனைவி பாளையங்கோட்டையில் படித்தவள். அவளுடைய பள்ளித் தோழிகளில் ஒருத்திக்குக் கல்யாணமாகிப் பம்பாய், இன்னொருத்திக்கு நெய்வேலி. முதல் சில வருடங்கள் இன்லாண்ட் கடிதம் வந்துகொண்டிருந்தது. பிறகு முகவரிகள் மாறின. எங்கள் முகவரியே நான்கு முறை மாறியது. இதில் யார் குற்றமும் இல்லை. இப்படித்தான் அந்தத் தலைமுறைப் பெண்களில் பெரும்பாலோருக்கு நடந்தது. பெண்ணுக்குக் கல்யாணத்தோடு இனிஷியலும் ஊரும் மாறுவதால் தேடுவதும் கஷ்டம். ஆணை எந்தப் பெயரில் தேடினாலும் கிடைப்பான்.

இது பழைய தலைமுறைக் கதை என்று நினைக்க வேண்டாம். பத்மாராவ் நகரிலும் மாரேட்பள்ளியிலும் தார்நாக்காவிலும் இருக்கிற நம் பழைய குடும்பங்களுக்காவது ஸ்கந்தகிரி கோயில் வாசல் என்று ஒரு சந்திப்பு இடம் உண்டு. அண்மைக் காலத்தில் மகனின் கம்ப்யூட்டர் வேலையைத் தொடர்ந்து கும்பகோணத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மியாப்பூருக்கும் கொண்டாப்பூருக்கும் வந்து சேர்ந்திருக்கும் பாட்டிமார்களைப் பாருங்கள். பதினான்காவது மாடி. மகனும் மருமகளும் காலையில் போனால் இருட்டிய பின் வருவார்கள். பேரனைப் பள்ளி வண்டியில் ஏற்றி, இறக்கி, சோறு ஊட்டுவது பாட்டி பொறுப்பு. தெலுங்கு வராது, இந்தி வராது. ஐம்பது வருடம் ஒரே தெருவில் பழகிய தோழிகளை விட்டுவிட்டு வந்திருக்கிறார். லிப்டில் இன்னொரு பாட்டி தமிழில் பேசுவது காதில் விழுந்தால், இறங்க வேண்டிய மாடியைத் தாண்டிப் போய்ப் பேசிவிட்டு வருகிறார். அப்படிச் சேர்ந்த நட்பும் எத்தனை நாள்? மகனுக்கு டாலஸோ சிட்னியோ வந்தால் பாட்டி கும்பகோணம் திரும்ப வேண்டியதுதான். முதல் தடவை கல்யாணத்தால் அறுந்தது. இரண்டாம் தடவை பேரனால்.

இதனால்தான் படத்தில் மருமகளாகப் போகிறவள் தேடிக் கண்டுபிடிக்கிறாள் என்ற இடம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த அம்மாளுக்கு பேஸ்புக் தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தெரியும். வேலை அவ்வளவே. நம் வீடுகளில் பிள்ளைகள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, "உன் பள்ளிக்கூடம் எது, தோழி பெயர் என்ன, அவள் அப்பா என்ன வேலை பார்த்தார், எந்த ஊரில் கொடுத்தார்கள்?" என்று கேட்டால் பாதிப் பேரைக் கண்டுபிடித்துவிடலாம். சாதி, நட்சத்திரம், சம்பளம் எல்லாம் போட்டு வரன் தேடத் தெரிந்த நமக்கு இது முடியாதா?

பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானது. அதைப் பயணத்தை நன்றாகத் திட்டமிட்டுத் தீர்க்க வேண்டும். பயணத்தை நிறுத்தித் தீர்ப்பது வேலைக்குப் பயந்து கல்யாணத்தை நிறுத்துவது போல. தண்டவாளத்தில் மூட்டுக்கு மூட்டு ஒரு சிறு இடைவெளி விடுவோம். வெயிலில் இரும்பு நீளும். இடைவெளி இல்லாவிட்டால் தண்டவாளம் பக்கவாட்டில் வளைந்துவிடும். இப்போது பற்றவைத்த நீளத் தண்டவாளம் வந்துவிட்டது. அதிலும் இரு முனைகளிலும் விரிவுக்கு இடம் வைத்துத்தான் போடுகிறோம். குடும்பத்தில் பெரிய பெண்மணிக்கு வருடத்தில் நான்கு நாள் என்பது அந்த அளவு இடைவெளிதான்.

அரசாங்கங்கள் ஓரளவு வழி செய்திருக்கின்றன. 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் பெண்களுக்கு ஆர்டினரி, பல்லெ வெலுகு, எக்ஸ்பிரஸ் பஸ்களில் கட்டணம் இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் நான்கு பேர் கிளம்பி, ஜீரோ டிக்கெட் வாங்கி, யாதகிரிகுட்டா போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள். (ஆனால் தெலங்கானா முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஆதாரில் இன்னும் கும்பகோணம் முகவரியே வைத்திருக்கும் மாமிமார்கள் கவனிக்க.) ரயிலில் 58 வயதான பெண்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகை இருந்தது, 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது ஆகியிருக்க வேண்டும். அதில் ஒரு விதியைப் பலர் அறிவதில்லை. அந்த ஒதுக்கீடு, தனியாகவோ ஒரே டிக்கெட்டில் இருவராகவோ போனால்தான். மூன்று பேரை ஒரே டிக்கெட்டில் போட்டால் கம்ப்யூட்டர் அந்த ஒதுக்கீட்டைத் திரும்பிப் பார்க்காது. முதியவர் தனியாகப் போவார், அல்லது கணவன் மனைவியாகப் போவார்கள் என்று விதி எழுதினவர் நினைத்திருக்கிறார் போலும். மூன்று கிழவிகள் சேர்ந்து கிளம்புவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. ஆகையால் இரண்டு பேருக்கு ஒரு டிக்கெட், மூன்றாமவருக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.

நம் சங்கம் போன்ற அமைப்புகளுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுச் சுற்றுலா என்றால் 'குடும்பத்துடன்' என்று அச்சடித்துவிடுகிறோம். குடும்பத்துடன் போனால் அந்த அம்மாள் சுற்றுலாவிலும் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருப்பார், 'மாத்திரை போட்டீர்களா?' என்று கேட்டுக்கொண்டிருப்பார். வருடத்தில் ஒரு தடவையாவது ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு என்று ஒரு பஸ் ஏற்பாடு செய்து, ஆண்கள் வாசலில் நின்று கையசைத்து அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய் ரசம் வைத்துச் சாப்பிடலாம் என்பது என் தாழ்மையான யோசனை. பஸ் பொறுப்பையும் பெண்களிடமே விட வேண்டும். நம்மில் ஒருவர் வழித்துணை என்று ஏறினால் காரியம் கெட்டது.

படம் முடிந்த அன்று இரவே எங்கள் அடுக்ககத்தில் மூன்று பேர் தீர்மானம் செய்துவிட்டார்கள். ஒருவர் என் மனைவி. இன்னொருவர் எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மூன்றாமவர் ஏழாவது மாடி கும்பகோணத்துப் பாட்டி. சங்கராந்தி கூட்டம் வடிந்த பிறகு விசாகப்பட்டினம், அங்கிருந்து அரக்கு. கொத்தவலசா–கிரண்டூல் பாதையில் மலையைக் குடைந்து போட்ட சுரங்கங்கள் 58. அந்தப் பாதையில் சிமிலிகுடா நிலையம் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அகலப்பாதை ரயிலை அவ்வளவு உயரத்துக்கு எப்படி ஏற்றினார்கள் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். "ஜன்னல் எந்தப் பக்கம் நன்றாக இருக்கும், அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார் ஆசிரியை.

சிக்கல் ஏழாவது மாடியில். மகனுக்கு அம்மாவை அனுப்ப மனசில்லை என்று சொல்ல முடியாது, நல்ல பிள்ளை. அவர் கேட்பது, மத்தியானம் மூன்றரைக்குப் பள்ளி வண்டி வரும்போது பையனை யார் இறக்கிக்கொள்வது என்பதுதான். அந்த நான்கு நாளும் நான் கேட்டில் நின்று இறக்கிக்கொள்கிறேன், மருமகள் வரும் வரை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பையனுக்குச் சம்மதம். எங்கள் வீட்டில் ரயில் பொம்மை இருக்கிறது. அப்பாவிடமிருந்து இதை எழுதும் வரை பதில் வரவில்லை. அவரும் இந்த இதழை வாசிப்பவர்தான். இதை எழுதச் சொன்னவரும் அவர் அம்மாதான்.

கோதாவரி எக்ஸ்பிரஸில் இரண்டு பேருக்கு ஒன்று, ஒருவருக்கு ஒன்று என்று டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மூன்றுமே கீழ்ப் படுக்கை.